தராசு முள்ளைப் பார்த்துக் கேட்ட கேள்விகள்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். டொக்டர்மாரும் தாதிமாரும் எழுதும் சிறப்பு மலரில் கதவடியில் நின்றவள் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று இரண்டு தரம் மறுத்துவிட்டேன். மூன்றாம் தரம் மறுக்க வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். நான் எழுதப்போவது பெரும்பாலும் மலம் கழிப்பதைப் பற்றி. சாப்பிடும் நேரத்தில் இதை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில், லாஞ்சிகள் வந்து நிற்கும் ஜெட்டித் துறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய தரும மருந்தகத்தில் சிற்றூழியராக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. மருந்தகம் வேறு இடத்துக்குப் போய்ப் பெரிதாகிவிட்டது. போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது, வயிற்று நோயாளர்களிடம் நான் கேட்டுவந்த கேள்விகளை ஒரு சின்னத் திரையில் போட்டுக் கதவடியில் வைத்தார்கள். நோயாளி தானே விரலால் தொட்டு ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லலாம். “அக்கா, இந்தக் கேள்வியளை ஆர் முதலில எழுதினது?” என்று ஒரு தாதி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டினேன், கழுவினேன், ஊசிகளை அவித்தேன், வரிசை எண் துண்டு எழுதினேன், வரிசையை ஒழுங்குபடுத்தினேன். யுத்த காலம் அது; ஷெல் சத்தம் கேட்டால் எல்லாரையும் உள் அறைக்குள் தள்ளப் பழகினேன். ஆட்களோடு கதைக்க மட்டும் பழகவில்லை. யாராவது என் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் வருடம் புதிய டொக்டர் ஐயா வந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. திங்களும் புதனும் அவருடைய கிளினிக். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனை. நோயாளி கதிரையில் அமரும்வரை தானும் அமரமாட்டார். கூட்டுகிற என்னையும் ‘நீங்கள்’ என்றுதான் சொல்லுவார். நோயாளி சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுதமாட்டார். கேட்டு முடித்துவிட்டு, “நான் விளங்கினதைச் சொல்லுறன், சரியோ பாருங்கோ” என்று திருப்பிச் சொல்லுவார். அதன் பிறகுதான் பேனையைத் திறப்பார். வரிசை நீளும். வெளியே நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். அவர் மாறவில்லை.

அந்த வருடங்களில் எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. தண்ணீர் கெட்டதால் வந்த வயிற்றோட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாதக்கணக்காக வந்து போகும் வயிற்றுக்குத்து. ஒரு கிழமை வயிற்றோட்டம், மறு கிழமை மலச்சிக்கல். வயிறு ஊதும். மலத்தோடு சளி போகும். போய்விட்டு வந்தாலும் முழுதாகப் போகாதது போல இருக்கும். போனதும் வலி குறையும், பிறகு திரும்ப வரும். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.

உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் கந்தோருக்கு வரும் ஒரு தட்டச்சுப் பெண் அழுதுகொண்டே வந்தாள். ஒவ்வொரு சென்றியிலும், அதாவது சோதனைச் சாவடியிலும், இறங்கி நிற்கும்போது வயிறு கலக்கும் என்றாள். தனக்குப் புற்றுநோய் என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

டொக்டர் கேட்டார். “ஞாயிற்றுக்கிழமையில எப்பிடி?”

“ஞாயிறு ஒண்டுமில்லை டொக்டர்.”

“நித்திரையில வயிறு எழுப்புதோ?”

“இல்லை. விடிய வெளிக்கிடேக்கதான் துவங்கும்.”

“புற்றுநோய் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காது பிள்ளை” என்றார் டொக்டர். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மேசை லாச்சியில் அவர் ஒரு முழ நீளமான சைக்கிள் ரியூப் துண்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் கட்டி, தண்ணீர் நிரப்பி, மறுபக்கமும் கட்டியிருந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாகப் பிதுக்கிக் காட்டினார். “இதுதான் குடல். ஓட்டை இல்லை, புண் இல்லை. பிதுக்கிற தாளம்தான் பிழைச்சிருக்கு. சில நேரம் கெதியாப் பிதுக்கும், சில நேரம் இறுகிப்போய் நிக்கும். மூளையும் குடலும் ஒரே வீட்டில இருக்கிற ரெண்டு பேர் மாதிரி. ஒராள் பயந்தா மற்றாளும் எழும்பிடுவார்.” அந்த நோய்க்கு ஐ.பி.எஸ். (IBS) என்று பெயர் சொன்னார். நாங்கள் ‘கோபக் குடல்’ என்று சொல்லிப் பழகினோம். அது குடலை அரிக்காது, புற்றுநோயாக மாறாது, ஆனால் வலி உண்மையான வலி, மனிதர் நடிக்கவில்லை என்பதை அவர் எல்லாரிடமும் அழுத்திச் சொல்லுவார். நேரத்துக்குச் சாப்பாடு, தேத்தண்ணியும் உறைப்பும் குறைவு, எது சாப்பிட்டால் குழப்புகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுதல், நடை, குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் குளிசை. பலருக்கு இதுவே போதும்.

ஒருமுறை நேவிக்காரர் மருந்தகத்தைச் சோதிக்க வந்து லாச்சியைத் திறந்தார்கள். ரியூப்பைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார்கள். டொக்டர் சிங்களத்தில், “மனுஷக் குடல்” என்றார். பிடித்திருந்தவன் கையை உதறினான். பிறகு அவர் அவனையும் கதிரையில் இருத்தி விளக்கினார். அவனுக்கும் காவலுக்குப் போகும் முன் வயிறு கலக்குமாம். மருந்து வாங்கிக்கொண்டு போனான்.

கதவடிக் கேள்விகள் என்னிடம் வந்தது இப்படித்தான். ஒரு நாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“புவனேஸ், கோபக் குடல்காரர் நூறு பேர் வருகினம். அதுக்குள்ள ஒராளுக்கு வேற வருத்தம் ஒளிச்சிருக்கும். அந்த ஒராளைக் கதவடியிலயே பிடிக்கவேணும். நீங்கள்தான் கேக்கவேணும்.”

“எனக்கு ஏலாது டொக்டர். வெக்கம்.”

“என்ன வெக்கம்?”

“ஆம்பிளையளிட்ட... ரத்தம் போகுதோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?”

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தராசடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முள் ஆடும் பழைய தராசு அது. தானே அதில் ஏறி நின்றார். “முகத்தைப் பாக்காதீங்கோ. முள்ளைப் பாத்துக்கொண்டு கேளுங்கோ. ஏறி நிக்கிறவரும் முள்ளைத்தான் பாப்பார். ரெண்டு பேரும் முள்ளைப் பாத்தா வெக்கம் வராது. இப்ப என்னட்டக் கேளுங்கோ.”

முள்ளைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். முள் ஐம்பத்தாறில் நின்றது. மலத்தோடு இரத்தம் போகிறதா, அல்லது மலம் தார் போலக் கறுப்பாக இருக்கிறதா? நித்திரையிலிருந்து எழுப்பும் வலியோ வயிற்றோட்டமோ உண்டா? காய்ச்சல், நிற்காத சத்தி (வாந்தி) உண்டா? தாய் தகப்பன், சகோதரங்களில் யாருக்காவது குடலில் புற்றுநோய் வந்ததா? ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியதா? கேள்வி ஐந்து. ஆறாவது தராசு: முயற்சி செய்யாமல் நிறை குறைகிறதா? ஒன்றுக்கு ‘ஓம்’ வந்தாலும் வரிசையை விட்டு நேரே உள்ளே அனுப்ப வேண்டும்.

அன்றிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். வெட்கம் போகவில்லை. ஆனால் தராசு பக்கத்தில் இருந்தால் எவரிடமும் எதையும் கேட்க என்னால் முடிந்தது. வருடக்கணக்கில் எத்தனையோ பேரை அப்படி உள்ளே அனுப்பியிருக்கிறேன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

மூதூர், கட்டைபறிச்சான் பக்கத்து ஆட்கள் கொட்டியாரக் குடாவைக் கடந்து லாஞ்சியில் வருவார்கள். ஏறும் இடத்தில் சோதனை, பிறகு கடல், இறங்கும் இடத்தில் மறுபடி சோதனை. இடையில் நம்பிப் போகக்கூடிய கக்கூஸ் எங்கேயும் இல்லை. அதனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லாஞ்சி ஏறுவதற்கு முதல்நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். கோபக் குடல் உள்ளவர்கள் தண்ணீரைக்கூடக் குறைப்பார்கள். மருந்து எடுத்து முடித்து, ஜெட்டியடிக் கடையில் இரண்டு வாய் தின்றுவிட்டு லாஞ்சி ஏறுவார்கள்.

நகரத்தில் தங்கி வந்த நாளைவிட, லாஞ்சியில் வந்த நாளில் அவர்கள் நிறை எப்போதும் ஒரு கிலோ குறைவாகவே காட்டியது. “அக்கரை ஆக்கள் எல்லாரும் ஏன் மெலியினம்?” என்று டொக்டர் கேட்டபோது நான்தான் விளக்கினேன். லாஞ்சியில் வந்தவர்களின் நிறைக்குப் பக்கத்தில் ‘ப’ என்று போடலாமா என்றும் கேட்டேன். ‘ப’ என்றால் பட்டினி. “நல்ல மூளை” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு ‘ப’ போடாத நாள் இல்லை.

கட்டைபறிச்சானில் வயல் செய்த கனகண்ணை எங்களிடம் எட்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதில் தொடங்கிய கோபக் குடல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வரிசை முழுவதும் சிரிக்கும். “என்ர வயிறு ஆமியைவிடக் கெதியா அலேட் ஆகும். சென்றி வரமுதலே இதுக்குத் தெரிஞ்சிடும்” என்பார். தராசில் ஏறும்போதே, நான் வாய் திறக்கு முன், மந்திரம் போலச் சொல்லிவிடுவார்:

“ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை, நித்திரை கும்பகர்ணன்ர, எங்கட பரம்பரையில எல்லாரும் வயசுபோய்த்தான் செத்தவை. துண்டைத் தாங்கோ தங்கச்சி.”

நானும் சிரித்துக்கொண்டு துண்டைக் கொடுப்பேன்.

அது ஒரு புதன்கிழமை. அன்றும் அதே மந்திரத்தைச் சொன்னார். முள் ஐம்பத்தைந்தில் நின்றது. ‘55 ப’ என்று எழுதினேன். அவர் டொக்டரின் அறைக்குள் போனார், எப்படி என்று டொக்டர் கேட்டதற்கு “அப்பிடியேதான் ஐயா” என்றாராம், பழைய குளிசையையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். லாஞ்சி இரண்டு மணிக்கு. ஒன்றரைக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஜெட்டிக்கு நடந்தார்.

அவரோடு வந்திருந்த தங்கை பூமணி, தன்னுடைய பிறசர் குளிசைக்காக மருந்து வரிசையில் நின்றார். நகரத்தில் குடியிருப்பவர். நான் நோயாளர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணைக்கு லாஞ்சிக்குப் பிந்தப்போகுது. சாப்பிடாம வேற வந்தவர்” என்றேன்.

“ஆர் சாப்பிடாம?” என்றார் பூமணி. “நாலு நாளா லாஞ்சி ஓடேல்லையே, இண்டைக்குத்தான் திரும்ப விட்டவங்கள். சனிக்கிழமை பசளை கொண்டுபோகப் பாஸ் எடுக்க வந்த மனிசன், மாட்டுப்பட்டு என்ர வீட்டிலதான் கிடந்தவர். விடியவும் அஞ்சு இடியப்பமும் மீன்சொதியும் திண்டுபோட்டு வந்தவர். எங்க போகுதெண்டு தெரியேல்லை, ஆள் ஈர்க்கில் மாதிரி இருக்கிறார்.”

அவருடைய அட்டையைத் தேடி எடுத்தேன். 61 ப, 61 ப, 60½ ப, 61 ப. வருடக்கணக்காக அப்படித்தான். பிறகு 59 ப. 57½ ப. அன்று 55 ப.

அன்றைய ‘ப’ பொய். அது மட்டும் இல்லை. முன்பு ஒவ்வொரு தடவையும் அவர் பட்டினியோடுதான் வந்தார். பட்டினியோடு அறுபத்தொன்று நின்ற ஆள், அதே பட்டினியோடு எப்படி ஐம்பத்தேழரை ஆவார்? நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. நான் போட்ட எழுத்து என் கண்ணை மறைத்துவிட்டது. மூன்று தடவை தராசு ‘ஓம்’ என்று சொல்லியிருக்கிறது. மூன்று தடவையும் நான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

லாஞ்சியில் ஏறினால் இனி இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார். லாஞ்சி நின்றால் அதுவும் இல்லை. டொக்டரிடம் சொல்லப் போனால் உள்ளே நோயாளி. நான் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பூமணிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் வீதியில் ஓடுவதில்லை. ஓடினால் சுடுவார்கள் என்று பயம். நான் ஓடினேன்.

ஜெட்டி வாசலில் நேவிக்காரன் துவக்கைக் குறுக்கே பிடித்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் மருந்தகத்துச் சிங்களம். “மாத்தயா, லெடெக்! லெடெக்!” என்றேன். ஐயா, நோயாளி என்று அர்த்தம். என் வெள்ளை உடுப்பையும் கையிலிருந்த அட்டையையும் பார்த்துவிட்டு வழி விட்டான். கனகண்ணை பலகையடியில், ஏறும் வரிசையில் நின்றார். பை பக்கத்தில் நிலத்தில் இருந்தது.

“என்ன தங்கச்சி, மருந்து மாறிப்போச்சோ?”

“அண்ணை, நாலு நாளும் வடிவாச் சாப்பிட்டனீங்களாம்.”

“ஓம். பூமணி விடமாட்டாள்.”

“பிறகெப்பிடி ஐம்பத்தைஞ்சு?”

“உங்கட தராசு கிழடு” என்றார். வரிசை சிரித்தது.

தராசு பக்கத்தில் இல்லை. பார்க்க முள் இல்லை. நாற்பது ஐம்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழி இல்லாததால் அவர் முகத்தைப் பார்த்தேன். காற்றுக்கும் லாஞ்சிச் சத்தத்துக்கும் மேலாகக் கேட்க வேண்டியிருந்ததால் கத்தித்தான் கேட்டேன்.

“அண்ணை, வெளிக்குப் போகேக்க ரத்தம் போகுதோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய வாயிலிருந்து மந்திரம் வரவில்லை.

“விசர்க் கேள்வி” என்றார் கடைசியில். “லாஞ்சி வெளிக்கிடப்போகுது.”

பின்னால் நின்ற மூதூர் வியாபாரி ஒருவர் குரல் கொடுத்தார். “அண்ணே, லாஞ்சி நாளைக்கும் வரும். அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க.”

கனகண்ணை கடலைப் பார்த்தார். “அது மூலம் தங்கச்சி” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

“எவ்வளவு காலமா?”

“போன மாரியில இருந்து.”

“நித்திரை?”

“ரெண்டு மணிக்கு எழுப்பும்.”

“வாங்கோ திரும்ப.”

“ஏலாது. நாளைக்குத் தண்ணி கட்டவேணும்.”

அவரை இழுத்துக்கொண்டு போக எனக்குப் பலம் இல்லை. வாதாடவும் வராது. நான் குனிந்து அவருடைய பையை எடுத்தேன். அதற்குள் அவருடைய மருந்தும், லாஞ்சி ஏறக் காட்ட வேண்டிய பாஸும் எல்லாம் இருந்தன. எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன்.

“ஏய் பிள்ளை! என்ர பாஸ்! பாருங்கோவன், ஆஸ்பத்திரிக்காரி களவெடுத்துக்கொண்டு போறாள்!”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நேவிக்காரன் பையைத் திறந்து சோதித்துவிட்டுத் தந்தான். பின்னால் செருப்புச் சத்தமும் வசவும் மருந்தகம்வரை வந்தன.

டொக்டரிடம் அட்டையை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ‘ப’வைப் பற்றியும் சொன்னேன். அவர் எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “எழுதினது நீங்கள். வாசிச்சது நான். பிழையில பாதி என்ர” என்றார். கனகண்ணையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளிறிக் கிடந்தது. திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கையுறை போட்டு, ஆசனவாய்க்குள் விரல் விட்டுச் சோதித்தார். வெளியே வந்து நெடுநேரம் கை கழுவினார். பிறகு, கனகண்ணை அமர்ந்த பின், தானும் அமர்ந்தார்.

“கனகு, மூலம் கையில படேல்லை. உங்களுக்குக் கோபக் குடல் இருந்தது உண்மை. இப்பவும் இருக்கு. ஆனா அது ரத்தம் கொண்டுவராது, நிறையைக் குறைக்காது, நித்திரையில எழுப்பாது. ஒரு வருத்தம் இருக்கிற வயித்துக்குள்ள இன்னொண்டு வரக்கூடாது எண்டு சட்டம் இல்லை. இது வேற. என்னெண்டு பாக்கக் குழாய் விட்டுப் பாக்கவேணும். அதுக்குக் கொழும்பு.”

“அதுதான்” என்றார் கனகண்ணை. “அதுதான் சொல்லேல்லை. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் கொழும்பு எண்டு எனக்குத் தெரியும். எட்டு வருஷமா என்னட்ட இந்தக் கேள்வியளைக் கேக்கிறியள். எதுக்கு எந்தப் பதில் சொன்னா எங்க அனுப்புவியள் எண்டு எனக்குப் பாடம்.”

“கொழும்பில என்ன பயம்?”

“அண்ணன்ர மோனைக் கொழும்புக்குப் போகேக்க சென்றியில பஸ்ஸால இறக்கினவங்கள். பதினாறு நாள் எங்க எண்டு தெரியாது. வந்தவன் இண்டைக்கும் ஆக்களோட கதைக்கிறான் இல்லை. ஐயா, வயித்தில இருக்கிறது என்னை எப்பவோதான் கொல்லும். சென்றி இண்டைக்கே கொல்லும்.”

பயப்படாதீங்கோ என்று டொக்டர் சொல்லவில்லை. “உங்கட பயம் நியாயம்” என்றார். “புற்றுநோய் எண்டு நான் சொல்லேல்லை. இல்லை எண்டும் சொல்லேலாது. இப்ப பாத்தா வெட்டி எடுக்கக்கூடியதா இருக்கலாம். ரெண்டு மாரி கழிச்சுப் பாத்தா அப்பிடி இராது. இதுதான் எனக்குத் தெரிஞ்சது.”

இரண்டு பேனையில் ஒன்றைத் திறந்தார். கொழும்பு வைத்தியருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். சென்றிகளுக்குச் சிங்களத்தில் இன்னொன்று. நோயாளியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எங்கே போகிறார், எதற்குப் போகிறார், சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினார். மருந்தகத்து முத்திரையை நான் மூன்று இடத்தில் குத்தினேன்.

கனகண்ணை கடிதத்தைத் தொடவில்லை. தூரத்தில் லாஞ்சியின் ஊதல் கேட்டது.

அப்போதுதான் கதவில் நின்ற பூமணி உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. “நான் வாறன் உன்னோட” என்றார் தமையனிடம். “கடிதம் என்ர கையில இருக்கும். உன்னை இறக்கினா நானும் இறங்குவன். நீ ஏறாம பஸ் வெளிக்கிட நான் விடமாட்டன். என்ர வாய் உனக்குத் தெரியுந்தானே?”

“அது கொழும்புவரைக்கும் தெரியும்” என்றார் கனகண்ணை. கடிதத்தை எடுத்து மடித்தார். “பையைத் தாங்கோ கள்ளி” என்று என்னிடம் கை நீட்டினார்.

பெருங்குடலில் ஒரு கட்டி இருந்தது. கெட்ட கட்டிதான். பரவ முன் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதத்தின் பின் அவர் மருந்தகத்துக்கு வந்து தராசில் ஏறியபோது முள் ஐம்பத்தொன்பதில் நின்றது. “புதுப் பேய் போயிட்டுது தங்கச்சி, பழைய பேய் போகேல்லை. சென்றியில இப்பவும் கலக்குது” என்றார். அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் வயல் செய்தார்.

‘ப’ போடுவதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டு எழுதினேன். போன தடவை நிறையையும் இந்தத் தடவை நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்புதான் துண்டு கொடுத்தேன். மந்திரம் சொன்னவர்களை நிறுத்தி, முதலிலிருந்து கேட்டேன். சிலருக்கு எரிச்சல் வந்தது. வரட்டும்.

வாசிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வயிறு குழம்புகிறது, போனதும் வலி குறைகிறது, பயந்தால் கூடுகிறது என்றால் பெரும்பாலும் அது கோபக் குடல். ஆனாலும் அதை நீங்களே முடிவு செய்யாமல் ஒருமுறை டொக்டரிடம் காட்டிச் சொல்லக் கேளுங்கள். இரத்தம், காரணமில்லாத மெலிவு, நித்திரையில் எழுப்பும் வலி, விடாத காய்ச்சல் அல்லது சத்தி, வெளிறிப்போதல், ஐம்பதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பல வருடம் கோபக் குடல் உள்ளவர்களுக்கும் இதுதான் விதி. கேட்பவருக்கும் வெட்கம்தான். பதிலை மறைக்காதீர்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த நாள் காலை ஆறு மணிப் பஸ்ஸில் கனகண்ணையும் பூமணியும் ஏறினார்கள். நாலு சென்றியில் எல்லாரையும் இறக்கி ஏற்றினார்கள். ஓரிடத்தில் கடிதத்தை வாங்கி அரை மணித்தியாலம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பொழுதுபட முன் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். எங்களுக்கு அன்று வியாழக்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். முப்பது குழந்தைகள் வந்தார்கள்.